கணினித் திறன் தேர்வைக் காகிதத்திலிருந்து ஆன்லைனுக்கு மாற்றும்போது

கேள்வி இது: அலுவலகப் பணியாளர்களுக்கான கணினித் திறன் சான்றிதழ் தேர்வை இதுவரை காகிதத்தில் நடத்தி வந்த ஓர் அமைப்பு அதை ஆன்லைனுக்கு மாற்றப் போகிறது. எந்த மென்பொருள் வாங்குவது, வீட்டிலிருந்தே எழுத விடலாமா, அடுத்த தேர்வுச் சுற்றுக்குள் முடித்துவிட முடியுமா என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள்.

மென்பொருளைக் கடைசியில் பார்க்கலாம். மூன்றில் அதுதான் எளிது, ஆனால் எல்லாரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது வேறு: உங்கள் சான்றிதழைப் பார்த்து வேலை கொடுப்பவர் எதை நம்பிக் கொடுக்கிறார்? இவருக்கு எக்செல் பற்றித் தெரியும் என்பதையா, இவரிடம் ஒரு பட்டியலைக் கொடுத்தால் கூட்டி, வடிகட்டி, பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுவார் என்பதையா? காகிதத் தேர்வு முதலாவதைத்தான் அளக்கிறது. "ஒரு நெடுவரிசையை மறைக்க எந்த மெனுவுக்குப் போக வேண்டும்?" என்று நான்கு விடைகளோடு கேட்டால், கம்ப்யூட்டரையே தொடாமல் கைடு புத்தகத்தை மனப்பாடம் செய்தவர் சரியாக டிக் அடித்துவிடுவார். தினமும் அதே வேலையைச் செய்கிறவர் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஏனென்றால் அவர் கை போகும் இடம் அவருக்குப் பெயராக நினைவில் இருக்காது. அந்தக் கேள்விகளை அப்படியே ஸ்கிரீனில் ஏற்றினால் அச்சுச் செலவு மிச்சமாகும், திருத்தும் வேலை குறையும். தேர்வு அளப்பது மட்டும் பழையதாகவே இருக்கும்.

இந்தத் துறையில் செய்முறைத் தேர்வு புதிதல்ல. பின்லாந்தில் 1988-இல் 'கணினி ஓட்டுநர் உரிமம்' என்ற பெயரில் ஒரு சான்றிதழ் வந்தது. அது பிறகு ஐரோப்பா முழுமைக்கும் இசிடிஎல் ஆகி, இன்று உலக அளவில் ஐசிடிஎல் என்று இருக்கிறது. அதன் பழைய வடிவத்தில் வினாக்கள் காகிதத்தில் வரும், வேலை செய்ய வேண்டிய கோப்புகள் தனியாக வரும், தேர்வர் கணினியில் செய்து சேமித்ததை ஒருவர் திறந்து பார்த்து மதிப்பெண் போடுவார். தானாகத் திருத்தும் மென்பொருள் பின்னால்தான் வந்தது. ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் இயங்குதளத் தேர்வுகள் இன்னும் ஒரு படி மேலே போயின: அங்கே கொள்குறி வினாவே, அதாவது கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவே, கிடையாது. ஒரு கணினியைக் கொடுத்து, இன்னின்ன செய் என்பார்கள். கணினியை மறுபடி இயக்கிய பிறகும் செய்தவை நிலைத்திருந்தால்தான் மதிப்பெண். எப்படிச் செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை, முடிவு சரியா என்பதுதான் கணக்கு. நீங்கள் போக வேண்டிய திசை இதுதான் என்பது என் கருத்து. முழுக்கப் போக முடியாவிட்டாலும், பாதிக்கு மேல் மதிப்பெண் செய்முறைக்கு இருக்கட்டும்.

சரி, செய்முறைத் தேர்வைக் கணினியே திருத்துவது எப்படி? பணம் அதிகம் போகும் இடமும், தவறுகள் ஒளிந்துகொள்ளும் இடமும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வேர்ட் அல்லது எக்செல் போலத் தோற்றமளிக்கும் ஒரு போலித் திரையைக் காட்டி, தேர்வர் எங்கே கிளிக் செய்கிறார் என்று பார்ப்பது. இன்னொன்று, உண்மையான மென்பொருளையே கொடுத்து, கடைசியில் சேமித்த கோப்பைப் பரிசோதிப்பது. போலித் திரை மலிவு, எந்தக் கணினியிலும் பிரவுசரில் ஓடும், கோப்பு தொலையும் பயமில்லை. ஆனால் ஓர் எழுத்தைத் தடிமனாக்க மெனுவில் போகலாம், பொத்தானை அழுத்தலாம், வலது கிளிக் செய்யலாம், கீபோர்டில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தலாம். போலித் திரையைச் செய்தவர் இவற்றில் இரண்டை மட்டும் நினைவில் வைத்திருந்தால், மற்ற இரண்டு வழியில் போகிறவருக்குப் பூஜ்யம். அதில் அடிபடுவது பெரும்பாலும் வேகமாக வேலை செய்யத் தெரிந்த அனுபவசாலிதான். குறுக்கு விசை பழகியவரைத் தண்டித்து, மெனுவைத் தேடி அலைகிறவருக்கு மதிப்பெண் கொடுக்கும் கணினித் திறன் தேர்வு வேடிக்கையானது, ஆனால் உண்மையில் இருக்கிறது.

கோப்பைப் பரிசோதிக்கும் வழி நியாயமானது. இன்றைய வேர்ட், எக்செல் கோப்புகள் உள்ளே எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவப் பக்கங்களை வைத்துச் சுருக்கிக் கட்டிய பொட்டலங்கள்தான், ஆகவே ஒரு நிரலால் பிரித்துப் பார்த்துவிட முடியும். அங்கேயும் பொறிகள் உண்டு. "மொத்த விற்பனையைக் கண்டுபிடி" என்ற வினாவுக்கு ஒருவர் ஃபார்முலா போடாமல் கால்குலேட்டரில் கூட்டி எண்ணை டைப் அடித்துவிட்டால்? எண் சரி, திறன் இல்லை. சரி, 'சம்' ஃபார்முலா இருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாமே என்றால், ஒவ்வொரு கட்டத்தையும் கூட்டல் குறி போட்டுச் சேர்த்தவரும் வேலையை முடித்துத்தானே இருக்கிறார்? நல்ல திருத்தும் நிரல் இப்படிச் செய்யும்: தேர்வரின் கோப்பை எடுத்து, உள்ளே ஒரு விற்பனை எண்ணைத் தானே மாற்றி, மறுபடி கணக்கிடச் சொல்லி, மொத்தமும் அதற்கேற்ப மாறுகிறதா என்று பார்க்கும். மாறினால் அவர் எந்த வழியில் போயிருந்தாலும் மதிப்பெண். வட்டார அமைப்பையும் மறக்க வேண்டாம். சில நாடுகளின் அமைப்பில் ஃபார்முலாவுக்குள் கமாவுக்குப் பதில் அரைப்புள்ளி வரும், தசமப் புள்ளி இருக்கும் இடத்தில் கமா வரும், தேதியில் நாளும் மாதமும் இடம் மாறும். எல்லாத் தேர்வுக் கணினிகளிலும் இந்த அமைப்பு ஒரே மாதிரி இருக்கிறதா என்று தேர்வுக்கு முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

ஒரே பெரிய கோப்பில் பத்து வேலைகளைத் தொடராகக் கொடுக்காதீர்கள். மூன்றாவதில் தவறினால் அதன் மேல் நிற்கும் நான்கும் ஐந்தும் தவறாகிவிடும், ஒரு பிழைக்கு மூன்று தண்டனை. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் ஸ்பெஷலிஸ்ட் தேர்வின் 2013 பதிப்பு ஒரே பெரிய திட்டப்பணியாக இருந்தது, 2016 பதிப்பில் பல சிறிய திட்டப்பணிகளாகப் பிரித்தார்கள். நீங்கள் நேரே சிறிய வடிவத்துக்கே போய்விடலாம்.

ஆன்லைனுக்கு மாற்றும்போது வழக்கமாக எழும் ஓர் ஆட்சேபம்: "கம்ப்யூட்டர் பழக்கமில்லாதவர்கள் பாதிக்கப்படுவார்களே?" வரலாற்றுத் தேர்வுக்கும் கணிதத் தேர்வுக்கும் இது நியாயமான கவலை. ஒரே வினாவைத் தாளில் எழுதுபவரும் திரையில் எழுதுபவரும் வேறு வேறு மதிப்பெண் வாங்குவது உண்டு, தேர்வியலில் அதைத் தனியாகவே ஆராய்கிறார்கள். ஆனால் கணினித் திறன் தேர்வில் கணினி பழக்கமில்லாதவர் குறைவாக வாங்குவது தேர்வின் குறையல்ல, தேர்வு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்! கவலைப்பட வேண்டியது வேறொன்று: எக்செல் நன்றாகத் தெரிந்தவர், உங்கள் தேர்வுத் திரையின் வினோத அமைப்பில் தடுமாறுவது. மேலே வினா, கீழே கோப்பு, ஓரத்தில் கடிகாரம், 'அடுத்து' என்று அழுத்தினால் முந்தைய வினாவுக்குத் திரும்ப முடியாது என்ற விதி... இதெல்லாம் நீங்கள் அளக்க நினைத்த திறன் அல்ல. அதனால் மாதிரித் தேர்வு ஒன்றைப் பல வாரங்களுக்கு முன்பே திறந்து வையுங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதிப் பார்க்கட்டும். தேர்வு நாளிலும் கடிகாரம் ஓடாத சில நிமிடப் பயிற்சி முதலில் வரட்டும். கீபோர்டு அமைப்பைத் தேர்வரே தேர்ந்தெடுக்க விடுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரை வாசிப்பான், பெரிய எழுத்து, கூடுதல் நேரம் எல்லாம் வாங்கும் மென்பொருளில் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். பிறகு ஒட்டுப் போடுவது நடக்காது.

அடுத்து வினா வங்கி. காகிதக் காலத்தில் எல்லாரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே தாளை எழுதினார்கள். தேர்வு முடிந்ததும் வினாக்கள் வெளியே போனால் போகட்டும், அடுத்த முறைக்குப் புதுத்தாள். ஆன்லைனில் கணினிகள் போதாததால் பல வேளைகளாக, பல நாட்களாக நடத்துவீர்கள். காலையில் எழுதியவர் மதியம் எழுதுபவரிடம் பேசத்தான் செய்வார். இருநூறு வினா வைத்திருக்கிறோம், ஒவ்வொருவருக்கும் நாற்பது குலுக்கி எடுக்கிறோம், பயமில்லை என்று பல பேர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பேரின் தாள்களில் சராசரியாக 8 வினாக்கள் பொதுவாக இருக்கும். பத்து பேர் சேர்ந்து தங்கள் வினாக்களை நினைவிலிருந்து எழுதிச் சேர்த்தால், வங்கியில் சுமார் 89 சதவீதம் அவர்கள் கையில். வங்கியை இரட்டிப்பாக்கி 400 ஆக்கினாலும் அதே பத்து பேரிடம் 65 சதவீதம் சிக்கிவிடும்.

இது கற்பனைப் பயம் இல்லை. அமெரிக்காவில் மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வு 1990-களின் தொடக்கத்தில் கணினி வடிவத்துக்கு வந்தது. 1994-இல் கப்ளான் என்ற பயிற்சி நிறுவனம் தன் ஊழியர்களைத் தேர்வு எழுத அனுப்பி, வினாக்களை நினைவில் வைத்து வந்து எழுதச் செய்து, வங்கி எவ்வளவு சிறியது என்று காட்டியது. தேர்வை நடத்திய இடிஎஸ் வழக்குத் தொடர்ந்தது, கணினித் தேர்வு நாட்களையும் கொஞ்ச காலம் குறைத்தது. தகவல் தொழில்நுட்பச் சான்றிதழ்களின் உலகில் வினாக்களைத் திருடி விற்பது இன்று ஒரு தொழிலாகவே நடக்கிறது.

இங்கேதான் செய்முறை வினா இன்னொரு விதத்தில் கைகொடுக்கிறது. "விற்பனைப் பட்டியலை மாவட்ட வாரியாகப் பிரித்துக் கூட்டித் தா" என்ற வினா முன்கூட்டியே கசிந்தாலும், அதைச் செய்யத் தெரிந்தால்தான் செய்ய முடியும். பட்டியலின் எண்களை ஒவ்வொருவருக்கும் மாற்றிக் கொடுத்தால் விடையையும் கடத்த முடியாது. நல்ல செய்முறை வினா நூறு இருந்தால், ஆயிரம் கொள்குறி வினாவைவிட நிம்மதியாகத் தூங்கலாம்.

வினாக்கள் வேறு வேறு என்றால் கடினமும் வேறுபடுமே? வேறுபடும். அதனால் தேர்ச்சி மதிப்பெண்ணை 50, 60 என்று பழக்கத்தில் வைத்துவிடக் கூடாது. 1971-இல் வில்லியம் அங்காஃப் முன்வைத்த முறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது: துறை தெரிந்த சிலரை உட்கார வைத்து, மயிரிழையில் தேறக்கூடிய ஒருவரைக் கற்பனை செய்யச் சொல்லி, அப்படிப்பட்ட நூறு பேரில் எத்தனை பேர் இந்த வினாவைச் சரியாகச் செய்வார்கள் என்று ஒவ்வொரு வினாவுக்கும் கேட்பது. அவற்றின் சராசரியே எல்லைக்கோடு. சலிப்பான வேலைதான். ஆனால் தோற்றவர் "ஏன் 60?" என்று கேட்கும்போது சொல்ல ஒரு பதில் இருக்கும்.

உடனடி முடிவைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். 'முடி' என்ற பொத்தானை அழுத்தியதும் மதிப்பெண் வருவது ஆன்லைனின் பெரிய கவர்ச்சி, விற்க வருபவரும் அதைத்தான் முதலில் காட்டுவார். முதல் சில சுற்றுகளுக்கு அதை அணைத்து வையுங்கள். புது வினாக்களில் சிலவற்றில் விடைக்குறிப்பு தவறாக இருக்கும், சிலவற்றில் திருத்தும் நிரல் தவறாக இருக்கும். மொத்தத்தில் நன்றாகச் செய்தவர்களெல்லாம் ஒரு வினாவில் மட்டும் தவறியிருந்தால், பிழை வினாவிடம் இருக்க வாய்ப்பு அதிகம். இதை எல்லாருடைய விடைகளும் வந்த பிறகு புள்ளிவிவரம் போட்டால்தான் பார்க்க முடியும். காகிதத்தில் அந்த இடைவெளி தானாகவே கிடைத்தது. உடனே முடிவு கொடுத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து "மன்னிக்கவும், நீங்கள் தேறவில்லை" என்று ஒருவருக்கு எழுத வேண்டி வந்தால் அந்தச் சான்றிதழின் மானம் போய்விடும்.

இனி வீட்டிலிருந்து எழுதுவது. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது பெரிய சான்றிதழ் அமைப்புகள் பலவும் வீட்டுத் தேர்வுக்குக் கதவைத் திறந்தன, அவற்றில் பல இன்னும் மூடவில்லை. அவர்களிடம் நேரலையில் பார்க்கும் கண்காணிப்பாளர்கள், அடையாளச் சோதனை, விசாரணைக் குழு எல்லாம் இருக்கின்றன. உங்களிடம் இருக்குமா? வெப்கேமை வைத்து மென்பொருளே சந்தேகக் கொடி தூக்கும் வகைக் கண்காணிப்பு மலிவு, ஆனால் அந்தக் கொடிகளை யார் உட்கார்ந்து பார்ப்பது என்று யாரும் கேட்பதில்லை. 2020 அக்டோபரில் கலிபோர்னியா வழக்கறிஞர் தேர்வை ஆன்லைனில் சுமார் 9,000 பேர் எழுதினார்கள். அதில் 3,000-க்கும் மேற்பட்டவர்களின் வீடியோவில் கொடி விழுந்தது. மறு ஆய்வில் பெரும்பாலோர் மீது தவறில்லை என்று ஆனது. மூன்றில் ஒருவரைச் சந்தேகிக்கும் கருவி யாரையும் சந்தேகிக்காத கருவியைவிட அவ்வளவு மேலானது இல்லை. மங்கலான வெளிச்சத்தில் கருத்த முகத்தைக் கண்டுபிடிக்கத் திணறும் மென்பொருள்கள், வாய்க்குள் படித்துப் பார்க்கும் பழக்கமுள்ளவரைப் பேசுகிறார் என்று எழுதிவைக்கும் மென்பொருள்கள் எல்லாம் சந்தையில் இருக்கின்றன. சட்டச் சிக்கலும் உண்டு: 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று தேர்வுக்கு முன் மாணவரின் அறையைக் கேமராவால் சுற்றிக் காட்டச் சொன்னது அரசியலமைப்புக்கு முரணான சோதனை என்று தீர்ப்பளித்தது. உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருக்கலாம், ஆனால் வீட்டுக்குள் கேமரா என்றால் ஒரு வழக்கறிஞரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

இதற்கெல்லாம் மேலே, இப்போது ஏஐ உதவியாளர்கள். கொள்குறி வினாவைப் போனில் படம் பிடித்தால் விடை சில நொடியில் வந்துவிடுகிறது. அதனால் என் பதில்: சான்றிதழைக் காட்டி வேலையோ பதவி உயர்வோ கிடைக்கும் என்றால் தேர்வு மையத்தில்தான் நடத்துங்கள். ஆன்லைன் என்பதற்கு வீட்டிலிருந்து என்று அர்த்தம் கிடையாது. தொடக்கநிலைத் தேர்வு, புதுப்பித்தல் தேர்வு போன்றவற்றை வீட்டுக்கு விடலாம். மையத்திலும்கூட ஆஃபீஸ் மென்பொருளுக்குள்ளேயே ஏஐ உதவி வரத் தொடங்கிவிட்டது. அதை அணைப்பதா, அனுமதித்து அதற்கேற்ற வினாக்களைக் கேட்பதா என்று விதிமுறையில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மையமும் ஒவ்வொரு மாதிரி நடத்தும்.

தேர்வு நாளைப் பற்றிக் கொஞ்சம். காகிதத்துக்கு மின்சாரம் வேண்டாம், நெட்வொர்க் வேண்டாம், எழுதியது அழியாது. இவை மூன்றும் போகின்றன, மூன்றுக்கும் மாற்று வைக்க வேண்டும். மையத்திலேயே ஒரு உள்ளூர் சர்வர், அதில் பூட்டிய வினாத் தொகுப்பு முதல் நாளே இறங்கியிருக்கும், தொடங்கும் நேரத்துக்குத்தான் சாவி வரும் என்ற ஏற்பாடு இருந்தால் இணையம் நடுவில் போனாலும் தேர்வு நிற்காது. விடை ஒவ்வொன்றும் உடனுக்குடன் சேமிக்கப்பட வேண்டும். கணினி நின்றால் தேர்வரின் கடிகாரமும் நிற்க வேண்டும், வேறு கணினியில் உட்கார வைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இதைக் காகிதத்தில் படித்து நம்பாதீர்கள். ஒத்திகையின் நடுவில் நிஜமாகவே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பத்துக்கு ஒன்றாவது உபரிக் கணினி வைத்திருங்கள். கண்காணிப்பாளர்களுக்கு இன்னும் ஒரு பயிற்சி தேவை: என்ன நடந்தால் தேர்வை ரத்து செய்யலாம், அதை யார் சொல்லலாம் என்பது. பதற்றத்தில் எடுக்கும் முடிவு பின்னால் நீதிமன்றம் வரை போகும்.

மறுமதிப்பீடு கேட்டு வருபவருக்கு எதைக் காட்டுவீர்கள்? முன்பு விடைத்தாளை எடுத்து மேசையில் வைத்தால் போதும். இப்போது அவர் சேமித்த கோப்பு, நிரல் எந்த விதிப்படி மதிப்பெண் கொடுத்தது என்ற பதிவு, எப்போது என்ன அழுத்தினார் என்ற லாக், மூன்றும் வேண்டும். கோப்பை ஒரு மனிதர் திறந்து பார்த்து முடிவு செய்யும் வழியும் திறந்திருக்க வேண்டும், கம்ப்யூட்டர் சொன்னதே இறுதி என்பது பதிலாகாது.

இப்போது மென்பொருள். மேலே சொன்னதையெல்லாம் ஒரு பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டு விற்பவர்களைக் கூப்பிடுங்கள். வினாக்களை க்யூடிஐ என்ற பொதுத் தர வடிவத்தில் வெளியே எடுக்க முடியுமா என்பது நான் முதலில் கேட்கும் கேள்வி. முடியாது என்றால் உங்கள் வினா வங்கி அந்த நிறுவனத்திடம் அடகு. க்யூடிஐ கொள்குறி வினாவுக்கு நன்றாக உதவும், செய்முறைக் கோப்புகளுக்கும் திருத்தும் நிரல்களுக்கும் உதவாது. ஆகவே அவற்றின் உரிமையும் மூல நிரலும் உங்களுடையவை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். செலவு முக்கியம் என்றால் மூடில், டாவோ போன்ற திறமூலக் கருவிகள் உண்டு. தேர்வுக் கணினியில் வேறு எதையும் திறக்க விடாமல் பூட்ட, சூரிச்சின் இடிஎச் பல்கலைக்கழகம் உருவாக்கிய சேஃப் எக்ஸாம் பிரவுசர் இலவசம்.

அடுத்த சுற்றுக்குள் முடியுமா? முழுவதுமாக முடியாது, முயலவும் வேண்டாம். அடுத்த சுற்றில் காகிதத் தேர்வை வழக்கம்போல நடத்துங்கள், ஒரே ஒரு மையத்தில் மட்டும் விருப்பப்பட்டவர்களுக்குச் செய்முறைப் பகுதியைச் சேர்த்து வையுங்கள், மதிப்பெண்ணில் சேராத ஒத்திகையாக. அந்தக் கோப்புகளைக் கையாலும் திருத்துங்கள், நிரலாலும் திருத்துங்கள், எங்கே வேறுபடுகிறது என்று பாருங்கள். அதற்கடுத்த சுற்றில் சில மையங்கள் முழுக்க ஆன்லைன், மற்றவை காகிதம். இரண்டு வடிவத்துக்கும் பொதுவான சில வினாக்களை வைத்தால் இரு பக்கத்துத் தேர்ச்சியையும் ஒப்பிட முடியும். மூன்றாவது சுற்றில் காகிதத்தை நிறுத்தலாம். அதுவரை சான்றிதழில் எந்த வடிவத்தில் எழுதினார் என்று குறிக்க வேண்டுமா என்ற கேள்வி வரும். செய்முறை சேர்ந்த பிறகு அது வேறு தேர்வு என்பதால், பதிப்பு எண் ஒன்றைச் சான்றிதழிலேயே போட்டுவிடுங்கள். பழையதை வைத்திருப்பவர்களை மறுபடி எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை, விரும்பினால் செய்முறைப் பகுதியை மட்டும் எழுதிப் புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளட்டும்.